நிறம் எங்கே மாறும்? அமிலம், காரம், நிறங்காட்டி: வாசகர் கேள்வி–பதில்

பள்ளி வேதியியலின் அமில–காரப் பாடம் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்களின் அடியில் ஒரே குழப்பம் இருக்கிறது. எந்த நிறங்காட்டியும் (அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டும் பொருள்) பிஎச் 7-இல்தான் நிறம் மாறும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிஎச் என்பது அமில, காரத்தன்மையைச் சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அது தவறு. மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையே மாறும். பினாப்தலீன் 8.3-க்கும் 10-க்கும் இடையே மாறும். லிட்மஸ் 4.5-இல் தொடங்கி 8.3 வரை மெல்ல மெல்ல மாறும். இந்த எல்லைகள் தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும்.

கேள்வி: பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ரத்தம்போலச் சிவந்துவிட்டது. அலசினால் மறுபடி மஞ்சளாகிறது. ஏன்? (வாசகி, மதுரை)

மஞ்சளில் உள்ள குர்குமின் ஓர் இயற்கை நிறங்காட்டி. அமிலத்திலும் நடுநிலையிலும் அது மஞ்சள்தான். பிஎச் ஏறத்தாழ 7.4-ஐத் தாண்டினால் சிவக்கத் தொடங்கி, 8.6-க்குள் செம்பழுப்பாகிவிடும். சலவை சோப்பு கரைந்த நீர் காரத்தன்மை உடையது, அதனால் கறை சிவக்கிறது. அலசும்போது காரம் போய்விடுகிறது, மஞ்சள் திரும்புகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பது இதே வினைதான்.

சிவந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காரத்தில் குர்குமின் நீரில் கூடுதலாகக் கரையும், ஆகவே கறை சிவப்பாக இருக்கும்போதே நன்றாகத் தேய்த்து அலசுங்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சோப்பு நீர் கறையைத் தொடவே தொடாது. மீதமிருக்கும் மஞ்சளுக்கு வெயிலே போதும். குர்குமின் ஒளியில் சிதையும். ஈரத்தோடு நல்ல வெயிலில் காயவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதையே சோதனைத் தாளாகவும் செய்யலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த மஞ்சள் நீரில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெறும் தண்ணீரில் செய்தால் தாள் வெளுத்துத்தான் வரும், ஏனென்றால் குர்குமின் நீரில் அநேகமாகக் கரையாது. ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்பருகே வேண்டாம். இன்னொன்றையும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: மஞ்சள் தாள் காரத்தை மட்டும் காட்டும். தாள் மஞ்சளாகவே இருந்தால் அது அமிலமாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். ‘மாறவில்லை, ஆகவே அமிலம்’ என்று எழுதுவது பிழை.

கேள்வி: கலப்பட மஞ்சள்தூளைக் கண்டுபிடிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதன் பின்னால் என்ன வேதியியல் இருக்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயத்தைப் பிடிக்கும் சோதனை அது. அந்தச் சாயமும் ஒரு நிறங்காட்டிதான். பிஎச் 1.2-க்குக் கீழே சிவப்பு, 2.3-க்கு மேலே மஞ்சள். அடர் அமிலத்தில் சுத்தமான மஞ்சள்தூளும் சிவக்கும், ஆனால் கொஞ்சம் நீர் சேர்த்ததும் அந்தச் சிவப்பு போய்விடும். சாயம் கலந்திருந்தால் நீர் சேர்த்த பிறகும் இளஞ்சிவப்பு நிற்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நீரை அளவின்றி ஊற்றிவிட்டால் பிஎச் 2.3-ஐத் தாண்டிப் போய், சாயமும் மஞ்சளாகிவிடும். கலப்படம் இல்லை என்ற பொய்யான முடிவு கிடைக்கும். நீரைச் சொட்டுச் சொட்டாக, அமிலத்தின் அளவுக்குச் சமமாகும் வரை மட்டும் சேருங்கள். இந்தச் சோதனை பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான். வீட்டில் வேண்டாம்.

கேள்வி: லஞ்சம் வாங்கியவர் கைதான செய்திகளில் ‘ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு’ என்று படிக்கிறோம். அது என்ன ரசாயனம்? (வாசகர், கரூர்)

நம் பள்ளி ஆய்வக அலமாரியில் இருக்கும் அதே பினாப்தலீன்தான். ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1871-இல் ஃபீனாலையும் தாலிக் நீரிலியையும் சேர்த்து முதன்முதலில் உருவாக்கிய பொருள். வெள்ளைத் தூள். நோட்டில் மெல்லத் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர் விரல்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாட்சிகள் முன்னிலையில் அவருடைய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்வார்கள். நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பானால் அந்தத் தூள் கையில் பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நீரைப் பாட்டிலில் அடைத்து, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஏன் பினாப்தலீன் என்பதற்கு விடை அதன் எல்லையில் இருக்கிறது. மனிதத் தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. வியர்த்தாலும் தூள் கையில் நிறம் காட்டாது. 8.3-ஐத் தாண்டிய காரம் பட்டால்தான் சிவக்கும். ஏன் சோடியம் கார்பனேட்? அதன் கரைசலின் பிஎச் 11-ஐ ஒட்டியது, நிறம் நன்றாகத் தெரியும். எரிசோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடு) பயன்படுத்தினால் இரண்டு கெடுதல்: தோல் புண்ணாகும், பிஎச் 13-க்கு அருகே போனால் பினாப்தலீனின் இளஞ்சிவப்பே மெல்ல மறைந்து நிறமற்றதாகிவிடும். பலருக்குத் தெரியாத செய்தி இது. அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடில் பினாப்தலீன் விட்டுவிட்டு, ‘சிவந்தது, பிறகு தானே வெளுத்துவிட்டது, மருந்து கெட்டுப்போயிற்று’ என்று கொட்டிவிடுகிறார்கள். மருந்து கெடவில்லை. காரத்தை நீர்த்துப் பாருங்கள், நிறம் மெல்லத் திரும்பும்.

கேள்வி: சமையலறையில் இரண்டு டப்பாக்களில் வெள்ளைத் தூள். ஒன்று சமையல் சோடா, மற்றது சலவை சோடா. பெயர்ச்சீட்டு கிழிந்துவிட்டது. எப்படிப் பிரித்தறிவது? (வாசகி, தஞ்சாவூர்)

நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சலவை சோடா வாயைப் புண்ணாக்கும். ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி எடுத்துத் தனித்தனியே 50 மி.லி. நீரில் கரைத்து, இரண்டு சொட்டுப் பினாப்தலீன் விடுங்கள். சலவை சோடா அடர்ந்த இளஞ்சிவப்பாகும். சமையல் சோடா நிறமே காட்டாது, அல்லது மிக வெளிறிய ரோஜா நிறம் காட்டும். சமையல் சோடாக் கரைசலின் பிஎச் 8.3-ஐ ஒட்டி இருப்பதுதான் காரணம். பினாப்தலீன் மாறத் தொடங்கும் வாசலிலேயே அது நின்றுவிடுகிறது.

இந்தச் சோதனைக்கு மஞ்சள் தாள் உதவாது. குர்குமினின் எல்லை 8.6-க்குள் முடிந்துவிடுவதால் இரண்டிலுமே தாள் சிவக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் இதோடு இன்னொரு படி சேர்க்கலாம். சமையல் சோடாக் கரைசலை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால், அந்த வெளிறிய நிறம் அடர்ந்த இளஞ்சிவப்பாகிவிடும். கொதிக்கும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி, பைகார்பனேட் கார்பனேட்டாக மாறுகிறது. சமையல் சோடா சலவை சோடாவாக மாறுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். செலவில்லாத, ஆபத்தில்லாத, பாடத்தில் எழுதியிருப்பதைவிட ஆழமாகப் புரியவைக்கும் சோதனை இது.

கேள்வி: 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்) சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தரம் பார்க்கிறோம், அதாவது அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்று அளக்கிறோம். எனக்கு 19.8, 20.4, 20.1 என்று வருகிறது. இளஞ்சிவப்பு வந்து, எழுதுவதற்குள் மறைந்தும் போகிறது. எதை முடிவு நிலை என்று எடுத்துக்கொள்வது? (பிளஸ் டூ மாணவர், விழுப்புரம்)

குடுவையைச் சுழற்றிய பிறகு அரை நிமிடம் நிற்கும் மிக வெளிறிய இளஞ்சிவப்புதான் முடிவு நிலை. அதற்குப் பிறகு மறைவது உங்கள் தவறன்று. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து கரைசலின் பிஎச் மதிப்பை 8.3-க்குக் கீழே இறக்கிவிடுகிறது. மறைந்துவிட்டதே என்று இன்னொரு சொட்டு விடாதீர்கள். விட்டால் அளவு கூடிக்கொண்டே போகும். உங்கள் 20.4 அப்படி வந்ததாகவே இருக்கலாம். அடர் இளஞ்சிவப்பு வந்துவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. அது எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 20 மி.லி. 0.1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும்போது, அமிலமும் காரமும் சமமாகும் புள்ளிக்கு ஒரு சொட்டு முன்னால் பிஎச் 3.9, ஒரு சொட்டு தாண்டினால் 10.1. இரண்டே சொட்டில் ஆறு அலகுக்கு மேல் தாவுகிறது. ஆகவே 19 மி.லி. வந்ததும் திருகை இறுக்கிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசியில் அரைச் சொட்டு போதும் என்றால், அதைப் பியூரெட் நுனியில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு, காய்ச்சி வடித்த நீரால் கழுவி இறக்குங்கள். நீர் சேர்வதால் விடை மாறாது. குடுவைக்குள் இருக்கும் அமிலத்தின் அளவு அப்படியேதானே இருக்கிறது.

அளவீடுகள் ஒத்துப்போகாததற்கு வேறு காரணங்களும் உண்டு. பியூரெட்டையும், 20 மி.லி. அமிலத்தை அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டும்தான் கழுவ வேண்டும். இதை மாற்றிச் செய்து, குடுவையை அமிலத்தால் கழுவிவிட்டால் 20 மி.லி.க்கு மேல் அமிலம் உள்ளே போய்விடும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்து பாதியில் வெளியேறினால், அதன் கனஅளவும் உங்கள் கணக்கில் காரமாக எழுதப்படும். தொடங்கும் முன் திருகை ஒரு நொடி முழுதாகத் திறந்து குமிழியை வெளியேற்றுங்கள். புனலைப் பியூரெட் மேலேயே வைத்துவிட்டால் அதிலிருந்து சொட்டு விழும். பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டால் போதும், அந்தத் துளி உள்ளே தங்கும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்ப் கேளுங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு.

பினாப்தலீன் இரண்டு சொட்டு போதும். நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று பத்துச் சொட்டு விட்டால், அது கரைந்திருக்கும் ஆல்கஹால் நீரோடு சேர்ந்ததும் பினாப்தலீன் கரையாமல் பிரிந்து பால்போலக் கலங்கும். அதோடு நிறங்காட்டியே ஒரு வலிமை குறைந்த அமிலம். அதுவும் தன் பங்குக்குக் காரத்தை எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் தயாரிக்க, 1 கிராம் பினாப்தலீனை 100 மி.லி. எத்தனாலில் கரைத்தால் ஆண்டு முழுவதற்கும் வரும்.

பினாப்தலீனுக்குப் பதில் மெத்தில் ஆரஞ்சு விடலாமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்தச் சோதனையில் கூடாது. ஆக்சாலிக் அமிலத்துக்குக் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன்கள் உண்டு, இரண்டாவது வலிமை குறைந்தது. முழுதும் நடுநிலையாகும் புள்ளியில் கரைசலின் பிஎச் 8.3-ஐ ஒட்டியிருக்கும். மெத்தில் ஆரஞ்சோ 4.4-இலேயே மஞ்சளாகி முடிந்துவிடும். 20 மி.லி. வர வேண்டிய இடத்தில் 10 மி.லி. தாண்டியதுமே மெல்ல மாறத் தொடங்கி, 16 மி.லி.க்குள் முடிந்துபோகும், எந்தச் சொட்டில் மாறியது என்று உங்களால் சொல்லவே முடியாது. அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கும்போதுதான் மெத்தில் ஆரஞ்சுக்கு வேலை.

கரைசல் தயாரிப்பவர்களுக்கு: 250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்குப் படிகமாக உள்ள அமிலம் 1.575 கிராம். இதை எடைபோட்டு நம்பலாம். சோடியம் ஹைட்ராக்சைடை லிட்டருக்கு 4 கிராம் என்று எடைபோட்டு 0.1 நார்மல் என்று பாட்டிலில் எழுதிவிடாதீர்கள். எடைபோடும்போதே அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஆக்சாலிக் அமிலத்தை வைத்து அதன் செறிவைக் கண்டுபிடிக்கிறோம். வேலை முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவுங்கள். காரம் தங்கினால் கண்ணாடித் திருகு இறுகிப்போகும், பிறகு திருப்பினால் உடையும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் லிட்மஸ் தாள் போதவில்லை. பூக்களிலிருந்து நிறங்காட்டி தயாரிக்கலாம் என்று செம்பருத்தியைக் கொதிக்கவைத்தோம், சாம்பல் கலந்த நீல நிறத்தில் வந்தது. எங்கே பிசகியது? (அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி)

இரண்டில் ஒன்று. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர், அல்லது பாத்திரம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும், அதன் பிஎச் பெரும்பாலும் 7-க்கு மேல். பூச்சாறு அந்த நீரிலேயே பாதி மாறிவிடும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களின் உலோக அயனிகளும் பூவின் ஆந்தோசயனின் நிறமியோடு சேர்ந்து நீலமாக்கும். மழை நீர், ஆர்.ஓ. நீர், காய்ச்சி வடித்த நீர் இவற்றில் ஒன்றை எடுங்கள். கண்ணாடிப் பாத்திரமோ எவர்சில்வரோ போதும்.

நல்ல சிவப்பு அடுக்குச் செம்பருத்தியின் இதழ்கள் மட்டும், மூன்று நான்கு பூக்களுக்கு உரியவை. காம்பு, புல்லிவட்டம், மகரந்தத் தண்டு வேண்டாம். கிழித்துப் போட்டு 100 மி.லி. சூடான நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். கொதிக்கவைக்கத் தேவையில்லை, அதிகம் கொதித்தால் நிறமி சிதையும். வடிகட்டினால் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சாறு கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றில் அது பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சோப்பு நீரிலும் சோடாவிலும் பச்சை.

சங்குப்பூ கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து நீலப் பூக்களை 100 மி.லி. வெந்நீரில் ஊறவையுங்கள். நடுநிலையில் நீலம், வினிகரில் ஊதா, எலுமிச்சையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, சமையல் சோடாவில் நீலப்பச்சை, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சையாகிப் பிறகு மஞ்சள். ஆறு சோதனைக் குழாய்களில் எலுமிச்சைச் சாறு, வினிகர், காய்ச்சி வடித்த நீர், சமையல் சோடா, சலவை சோடா, சுண்ணாம்புத் தெளிநீர் ஆகியவற்றை 5 மி.லி. வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டுச் சாறு விட்டு வரிசையாக வைத்தால், ஏறத்தாழ 2-இலிருந்து 12 வரை ஒரு நிற வரிசை உங்கள் கையில் இருக்கும். கடைசிக் குழாய் மஞ்சளானதும் அதில் எலுமிச்சை விட்டுப் பாருங்கள், முதல் குழாயின் நிறம் சரியாகத் திரும்பாது. வலிய காரத்தில் நிறமியே உடைந்துவிடுகிறது. திரும்பக்கூடிய மாற்றம், திரும்பாத மாற்றம் இரண்டையும் ஒரே மேசையில் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

பீட்ரூட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் நிறமி வேறு குடும்பம். எலுமிச்சை முதல் வெறும் நீர் வரை எல்லாவற்றிலும் சிவப்பாகவே நிற்கும், வலிய காரத்தில்தான் மஞ்சளாகும். பிள்ளைகளுக்குக் குழப்பமே மிஞ்சும்.

பூச்சாறு இரண்டு நாளில் புளித்துவிடும். புளித்தால் அதுவே அமிலமாகி நிறத்தைக் கெடுக்கும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். நீண்ட நாள் வேண்டுமென்றால் வடிதாளை அடர்ந்த சாற்றில் மூன்று முறை நனைத்து, ஒவ்வொரு முறையும் நிழலில் உலர்த்தி, பட்டைகளாக வெட்டி, கறுப்புத்தாள் சுற்றிய மூடிய பாட்டிலில் வையுங்கள்.

பூவை வைத்துச் சோதிப்பது லிட்மஸ் கிடைக்காததற்கு ஒரு மாற்று என்று பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில் வயலட் பூவின் பாகை வைத்துத்தான் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை என்று காட்டினார். லிட்மஸும் லைக்கனிலிருந்து எடுக்கும் சாயம்தான்.

கேள்வி: லிட்மஸ் தாள் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் நீல லிட்மஸ் புத்தகம் திறக்கும்போதே ஓரங்களில் சிவந்திருக்கிறது. (ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்)

அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் அதே அலமாரியில் இருக்கும். மூடியிருந்தாலும் அதன் ஆவி கசியும். தாள்களை வேறு அறையில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அலமாரிக் கண்ணாடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அமோனியா பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு ஆவிகளும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகப் படிகிறது. அவற்றையும் பிரித்து வையுங்கள். தாளை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுப்பது நல்லது.

உலர்ந்த லிட்மஸ் தாளை உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் காட்டினால் நிறம் மாறாது. நீர் இருந்தால்தான் அந்த வாயு அயனிகளாகப் பிரியும். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் இந்தச் சோதனை தவறிப்போவது அதனால்தான்: தாளும் குழாயும் உண்மையில் உலர்ந்திருக்கவில்லை.

கேள்வி: காய்ச்சி வடித்த நீரின் பிஎச் 7 என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் மீட்டர் 5.8 காட்டுகிறது. மீட்டர் பழுதா? (பதினோராம் வகுப்பு மாணவர், கோவை)

பழுதாக இருக்க வேண்டியதில்லை. திறந்து வைத்த தூய நீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டு 5.6-ஐ நோக்கி இறங்கும். மாசில்லாத மழை நீரே ஏறத்தாழ 5.6 தான். நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வாய்வரை நிரப்பி மூடி, ஆறியதும் அளந்தால் 7-ஐ நெருங்கும். தூய நீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் மீட்டரின் எண் நிலைகொள்ள நேரமாகும். அவசரப்பட்டுக் குறித்துக்கொள்ள வேண்டாம். முதலில் பிஎச் 7, 4 தாங்கல் கரைசல்களில் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்கள்) மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7 என்பதே 25 டிகிரி செல்சியஸுக்கு உரிய எண். 60 டிகிரியில் நடுநிலை நீரின் பிஎச் 6.5. அது அமிலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சம அளவில் கூடியிருக்கின்றன.

கேள்வி: பிஎச் 3 உள்ள கரைசல், பிஎச் 6 உள்ளதைவிட இரண்டு மடங்கு அமிலத்தன்மை உடையதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடலூர்)

ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இந்த அளவுமுறையை வகுத்தபோதே மடக்கை அளவாகத்தான் வகுத்தார். 10 மி.லி. அமிலத்தின் பிஎச் 1 என்றால், அதை ஒரு லிட்டராக நீர்த்தால் 3 ஆகும். நீர்த்துக்கொண்டே போனால் 8 ஆகுமா என்றால் ஆகாது. லிட்டருக்கு ஒரு மோலில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் அதன் பிஎச் 6.98. நீரின் சொந்த அயனிகளைச் சேர்க்காமல் கணக்கிடுபவர்கள்தான் 8 என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு உடலுக்குள் போனதும் காரமாகி ரத்தத்தையும் காரமாக்கும் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நுரையீரலாலும் சிறுநீரகத்தாலும் காக்கப்படுகிறது. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு அதை அசைக்காது. சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது, வயிற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது; அங்கே எதுவும் காரமாகாது. இந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள துளி உண்மை இதுதான்: சிட்ரேட் உடலில் எரிந்து பைகார்பனேட்டாகும், அதனால் சிறுநீரின் பிஎச் சற்று உயரலாம். சிறுநீரில் காட்டிய லிட்மஸ் தாளை ரத்தத்தின் சான்றாகக் காட்டுவது தவறு. எலுமிச்சை நல்ல பழம், அதற்கு இந்தப் பொய் தேவையில்லை.

கேள்வி: அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்கிறார்கள். கலப்பது ஒன்றுதானே? (பத்தாம் வகுப்பு மாணவர், ராமநாதபுரம்)

கலந்த பிறகு ஒன்றுதான், கலக்கும் நொடியில் ஒன்றில்லை. அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, நீர் அதன் மேலே மிதக்கும். நீரை ஊற்றினால் அந்த மெல்லிய அடுக்கில் எல்லா வெப்பமும் பிறந்து, நீர் கொதித்து, அமிலத்தை முகத்தில் தெறிக்கவிடும். அமிலத்தை நீரில் ஊற்றினால் அது அடியில் இறங்கிக் கலக்கும், நிறைய நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 500 மி.லி. 1 மோலார் கந்தக அமிலத்துக்கு: 400 மி.லி. குளிர்ந்த நீர், அதில் 28 மி.லி. அடர் அமிலம் சுவரோரமாகச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே. முழுதாக ஆறிய பிறகு 500-க்கு நிரப்புங்கள். சூட்டோடு நிரப்பினால் ஆறியதும் அளவு குறையும்.

கையில் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். அமிலம் பட்ட தோலில் காரத்தைத் தடவி நடுநிலையாக்க முயலாதீர்கள். அந்த வினையின் வெப்பமும் சேர்ந்து புண்ணைப் பெரிதாக்கும். தரையில் சிந்தியதற்குச் சமையல் சோடா தூவலாம், நுரை நின்றதும் கழுவிவிடலாம். வீட்டில் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஊட்டியில் ஹைட்ரேஞ்சியா பூக்கள் நீலமாகப் பூக்கின்றன. அதே செடி எங்கள் வீட்டுத் தொட்டியில் இளஞ்சிவப்பு. லிட்மஸ்போல மண்ணைக் காட்டுகிறதா? (வாசகி, பெங்களூரு)

மண்ணைக் காட்டுகிறது, ஆனால் லிட்மஸுக்கு நேர்மாறாக: அமில மண்ணில் நீலம், கார மண்ணில் இளஞ்சிவப்பு. காரணமும் வேறு. மண்ணின் பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் அலுமினிய அயனிகள் கரைந்து வேரில் ஏறும். பூவின் ஆந்தோசயனினோடு சேர்ந்து நீலமாகும். செம்பருத்தியை அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைத்தபோது நடந்த அதே சேர்க்கை. 6.5-க்கு மேலே அலுமினியம் மண்ணிலேயே கட்டுண்டு நிற்கும், பூ இளஞ்சிவப்பாகும். தேயிலைக்கு ஏற்ற நீலகிரியின் அமில மண்தான் ஊட்டியின் நீலத்துக்குக் காரணம்.

உங்கள் தொட்டிக்கு, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்து, மொட்டு வருவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் வேர் கருகும். கிணற்று நீரே காரமாக இருந்தால் படிகாரத்தின் வேலையை அது கெடுத்துவிடும், மழை நீரைச் சேர்த்து வையுங்கள். பூத்த பிறகு ஊற்றிப் பயனில்லை. வெள்ளை ரகமாக இருந்தால் எந்த மண்ணிலும் நீலமாகாது. அதில் மாறுவதற்கு நிறமி இல்லை.